நிமிடத்துக்கு ஒரு சொட்டு: காரின் கூலன்ட் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் யார் கண்ணிலும் படாது. ஏறத்தாழ இருபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. ஆனால் அந்தச் சொட்டு இரவு பகலாக நிற்காமல் விழுந்தால் நாளொன்றுக்கு 72 மில்லி, மாதத்துக்கு இரண்டு லிட்டருக்கும் மேல். சிறிய கார்களில் மொத்தக் கூலன்ட்டே நான்கு லிட்டர் அளவுதான் இருக்கும். மாதம் முடியும்போது பாதி காலி. இத்தனைக்கும் அது கசிவு வகைகளிலேயே மிகச் சிறியது. மும்பையின் அணுசக்தி நகர், செம்பூர், மான்குர்டு பக்கத்துக் கார்க்காரர்களுக்கு இந்தச் செய்தி பெரும்பாலும் தாமதமாகத்தான் கிடைக்கிறது. சயான்–பன்வேல் நெடுஞ்சாலை நெரிசலிலோ, புணே போகும் வழியில் கண்டாலா ஏற்றத்திலோ வெப்பமுள் சிவப்பைத் தொட்ட பிறகு!

அணுசக்தி நகரில் கூலன்ட் என்ற சொல்லுக்கு வேறொரு கனமும் உண்டு. அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் அணுசக்தித் துறையின் பிற பிரிவுகளிலும் பணிபுரியும் குடும்பத்தினர். மலைக்கு அந்தப்புறம் டிராம்பேயில் 1985 ஆகஸ்ட் 8 அன்று இயங்கத் தொடங்கிய துருவா ஆராய்ச்சி உலையின் வெப்பத்தைக் கனநீர் வாங்கி, சாதாரண நீருக்குக் கொடுத்து, அது கடல்நீருக்குக் கைமாற்றுகிறது. காரில் நடப்பதும் வெப்பத்தைக் கைமாற்றும் வேலைதான். இரண்டின் அளவும் ஆபத்தும் ஒப்பிடவே முடியாதவை. ஆனால் கசிவைத் தேடுபவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இடத்திலும் அவையே. உண்மையிலேயே குறைகிறதா? எந்த நிலையில் குறைகிறது? வெளியே போகிறதா, உள்ளேயே போகிறதா? கராஜ்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பதால் வருகிறது.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. ஏறத்தாழ அதே அளவு புகைக்குழாய் வழியே போகிறது. மிச்சத்தின் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்து வெளியேற்ற வேண்டும். வாட்டர் பம்ப் அதை எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் தள்ளுகிறது. சூடு 80 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் வந்ததும் தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடுகிறது. 1900-இல் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த முதல் மெர்சிடிஸ் காரின் தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. இன்றைய ரேடியேட்டரில் அத்தனை குழாய்கள் இல்லை. ஆனாலும் ஹோஸ், கிளாம்ப், கேஸ்கெட், சென்சார், பிளாஸ்டிக் இணைப்பு என்று கசியக்கூடிய இடங்களுக்குப் பஞ்சமில்லை.

இந்தச் சுற்று அழுத்தத்தில் இயங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அத்தனை பார் அழுத்தம் வரை உள்ளே கட்டிவைக்கும் மூடி என்று பொருள். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காது. எத்திலீன் கிளைக்கால் பாதி, நீர் பாதி கலந்த கூலன்ட் அதற்கும் மேல் தாங்கும். எனவே சிறு கசிவு இரண்டு வகையில் கேடு செய்கிறது. நீரும் போகிறது, அழுத்தமும் போகிறது. அழுத்தம் போனால் மிச்சமிருக்கும் நீரே முன்கூட்டிக் கொதித்து ஆவிக் குமிழிகளாகிவிடும். அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளையும். அதன் பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்யாமல் தீராது.

அந்தக் கேள்விகளுக்கு முன், தரையில் கிடப்பது கூலன்ட்தானா என்று பார்க்க வேண்டும். மும்பையின் ஈரக்காற்றில் ஏசி போட்டு ஓட்டிய காரின் அடியில் தண்ணீர் சொட்டாமல் இருந்தால்தான் அதிசயம். அது இடதுபுற முன் இருக்கைக்குக் கீழ்ப்பக்கமாக விழும். நிறமோ வாசனையோ இராது, தொட்டால் பிசுபிசுக்காது, சீக்கிரம் காய்ந்து தடயமில்லாமல் போகும். கூலன்ட் அப்படியல்ல. பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று சாயம் கலந்து வரும். விரலில் வழவழக்கும், லேசான இனிப்பு வாசம் அடிக்கும், காய்ந்தால் படிவு விடும். ஒரு வெள்ளை அட்டையை இரவில் எஞ்சினுக்கு அடியில் விரித்து வைத்தால் காலையில் நிறமும் விழுந்த இடமும் தெரிந்துவிடும். நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்கக் கூடாது. நிறங்களுக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. ஒரே பச்சையில் இரு வேறு வேதிக்கலவைகள் விற்பனையில் உண்டு. சுவைத்துப் பார்ப்பது உயிராபத்து. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். தரையில் தேங்கிய கூலன்ட்டைத் தெருநாய்களும் பூனைகளும் நக்குவதுண்டு. அதனால் சிந்தியதைக் கழுவிவிடுவது அவசியம்.

இனி முதல் கேள்வி, உண்மையிலேயே குறைகிறதா? ரிசர்வ் டேங்கில் உள்ள இரு கோடுகளை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் ஒருநாள் சூட்டிலும் மறுநாள் குளிரிலும் பார்ப்பதால் பயனில்லை. சூட்டில் கூலன்ட் விரியும், மட்டம் தானாக உயரும். காலையில், வண்டி எடுக்கும் முன், சமதரையில் நிற்கும்போது பார்த்து, டேங்கின் மேல் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுவதே சரியான முறை. ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் கசிவின் வேகமே தெரிந்துவிடும். இரண்டாவது கேள்வி, எந்த நிலையில்? நிறுத்திவைத்த நாளிலும் குறைகிறதா, ஓடினால் மட்டும் குறைகிறதா என்ற வேறுபாடு பாதி நோயறிதல். ஓடாத நாளிலும் குறைந்தால் வெளிக்கசிவுக்கு வாய்ப்பு அதிகம். ஓடும்போது மட்டும் குறைந்து தரையில் ஒன்றும் இல்லையென்றால், சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிறது அல்லது எஞ்சினுக்குள் எரிகிறது.

டேங்க் நிறைந்திருப்பதே நிம்மதிக்குக் காரணமாகிவிடக் கூடாது. பழைய பாணி ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது புரியும். அதன் அடியில் ஸ்பிரிங்கோடு கூடிய பெரிய வால்வு ஒன்று. அதன் நடுவில் நகக்கண் அளவில் இன்னொரு சிறு வால்வு. சூட்டில் அழுத்தம் மிஞ்சினால் பெரியது திறந்து கூலன்ட்டை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சிறியது திறந்து அதே கூலன்ட்டைத் திரும்ப இழுக்கும். ரப்பர் வளையம் விறைத்துப் போனாலோ சிறு வால்வு ஒட்டிக்கொண்டாலோ போனது திரும்பாது. டேங்கில் மட்டம் சரியாக இருக்கும், ரேடியேட்டர் வறண்டுகொண்டிருக்கும். மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அதையும் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

அளவுகோல் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28 அதிகாலை அங்கே அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ அது மூடிவிட்டதாகவே காட்டியது. மட்டமானி நீர் நிறைந்திருப்பதாகச் சொன்னதை நம்பி, இயக்குபவர்கள் அவசர நீர் வரத்தைக் குறைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது. காரிலும் இந்தப் பொறி உண்டு. வெப்பமானியின் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் போய்க் காற்றும் ஆவியும் சூழ்ந்துவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கியதாகக்கூடக் காட்டலாம்.

மூன்றாவது கேள்வி, வெளியேயா, உள்ளேயா? வெளிக்கசிவுகளில் அதிகம் சிக்குபவை ஹோஸ் முனைகள். ரப்பர் ஹோஸ் உட்புறமாக உப்பி, கிளாம்ப் இருக்கும் இடத்தில் வெடித்திருக்கும். அழுத்திப் பார்த்தால் மொறுமொறுப்பாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். மழைக்காலத்தில் கதகதப்பு தேடி எஞ்சின் அறைக்குள் புகும் எலிகள் ஒயர்களை மட்டுமல்லாமல் ஹோஸையும் கடிக்கும். அடுத்தது ரேடியேட்டர். அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்டிக் டேங்கும் மடித்துப் பொருத்தப்படும் ஓரத்தில் ரப்பர் சீல் இருக்கிறது. உலோகமும் பிளாஸ்டிக்கும் வேறுவேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அந்த ஓரம் நாளடைவில் விடும். சில வண்டிகளில் எஞ்சின் சூடானதும் இடைவெளி அடைபட்டு, ஆறியதும் மறுபடி திறக்கும். மெக்கானிக் முன்னால் நிற்கும்போது ஒரு சொட்டு விழாது, வீட்டு வாசலில் விடிகாலையில் விழும். உரிமையாளர் சொல்வதை மெக்கானிக் நம்பாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

வாட்டர் பம்ப் தனியாகக் கவனிக்க வேண்டியது. பம்பின் தண்டுக்கு அடியில், பேனா முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. வேண்டுமென்றே வைத்த துளை அது. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் புகாமல் அந்தத் துளை வழியே வெளியேறி எச்சரிக்க வேண்டும் என்பதற்காக. முதலில் ஈரம்கூடத் தெரியாது. துளையைச் சுற்றி உப்புப் பூத்தது போல் ஒரு வெளிறிய படிவும், அதிலிருந்து கீழ்நோக்கி ஓடிய வால் போன்ற கறையும் மட்டும் இருக்கும். டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் தெரியும். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பது பெரிய தவறு. சில நாளில் பேரிங் போகும். டைமிங் பெல்ட்டால் சுற்றும் பம்பாக இருந்தால் எஞ்சினே போகலாம்.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் மும்பைக்காரர்கள் மறந்துபோன உறுப்பு. யாரும் ஹீட்டர் போடுவதில்லை, ஆனால் பல கார்களில் கூலன்ட் அதன் வழியாகவும் ஓடுகிறது. முன்பக்கக் கால்மிதி நனைந்திருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஏசியின் வடிகுழாய் அடைத்திருந்தால் வெறும் தண்ணீர். ஹீட்டர் கோர் கசிந்தால் பிசுபிசுப்பு, இனிப்பு வாசம், முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம்.

கண்ணால் தேடுவதற்கு எல்லை உண்டு. அதன் பின் கருவிகள். எல்லாவற்றிலும் எளிதானதும் நம்பகமானதும் பிரஷர் டெஸ்ட். ஆறிய எஞ்சினில், மூடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அளவுமானி பொருத்திய கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். முள் நகராவிட்டால் அந்த நிலையில் கசிவில்லை. இறங்கினால் எங்கோ போகிறது, டார்ச்சோடு தேடலாம். சூடில்லாததால் சொட்டு ஆவியாகாமல் கண்ணில் படும். கை சுடும் பயமும் இல்லை. மூடியையும் தனியே அதே பம்பில் சோதிக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் எஞ்சினைச் சூடாக்கி இன்னொரு முறை. குளிரில் மட்டும், சூட்டில் மட்டும் கசியும் வண்டிகளுக்கு ஒரு சோதனை போதாது.

பிரஷர் டெஸ்ட்டுக்கும் பிடிபடாத மெல்லிய கசிவுக்குச் சாய முறை இருக்கிறது. புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கூலன்ட்டில் கலந்து சில நாள் ஓட்டி, பிறகு இருட்டில் விளக்கடித்துப் பார்த்தால் கசிந்த பாதை பச்சையாக மினுங்கும். வழிந்து பரவிய இடமும் மினுங்கும் என்பதால் கறையின் மிக உயரமான முனையைத்தான் ஊற்றாகக் கொள்ள வேண்டும். காற்றாடி வீசும் காற்று சொட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். விழும் இடமும் கசியும் இடமும் ஒரு அடிக்கு மேல்கூடத் தள்ளியிருக்கலாம்.

வெளியே எங்கும் இல்லையென்றால் உள்ளே. ஹெட் கேஸ்கெட் விட்டிருந்தால் எரியறையின் வாயு கூலன்ட்டுக்குள் புகும், கூலன்ட் எரியறைக்குள் போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹோஸ் கல்லாக விறைப்பது, ரேடியேட்டரில் இடைவிடாத குமிழ், இனிப்பு வாசமுள்ள வெள்ளைப் புகை ஆகியவை அடையாளங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறினாலும் சந்தேகப்பட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார்களில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. ஈரம் உள்ளேயே தங்கி, ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்படலம் கட்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அதற்காக ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியது வேதிச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு குழலை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுக்கிறார்கள். எரியறையின் கார்பன் டை ஆக்ஸைடு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

டீசல் கார்களில் இன்னொரு மறைவிடம் இருக்கிறது. புகையைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்கு அனுப்பும் இஜிஆர் கூலர் அது. 2018-இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. இஜிஆர் கூலரில் கசிந்த கிளைக்கால் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகையில் பற்றிக்கொண்டது என்பது விசாரணையில் தெரிந்தது. கொரியாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. தரையில் ஒரு சொட்டும் விழாத கசிவு அது.

அணு உலைகளில் இந்தத் தேடல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தால் பிரமிப்பு வரும். இந்தியாவின் கனநீர் உலைகளில் எரிபொருள் இருக்கும் அழுத்தக் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய் இருக்கிறது. இடைவெளியில் உலர்ந்த கார்பன் டை ஆக்ஸைடு ஓடுகிறது. அழுத்தக் குழாயில் மயிரிழை விரிசல் கண்டாலும் ஈரம் அந்த வாயுவில் கலந்து, அதன் பனிநிலை மாறும். அந்த மாற்றத்தைக் கருவி ஓயாமல் கவனிக்கிறது. வெப்பமாற்றியில் ஓட்டை விழுந்தால், கனநீரில் சேர்ந்திருக்கும் டிரிடியம் மறுபக்கத்துச் சாதாரண நீரில் தென்படும். இருக்கக் கூடாத பொருள் இருக்கிறதா என்று தேடும் இந்த முறையும் கராஜின் நீலத் திரவமும் ஒரே வழியில் போகின்றன. கல்பாக்கத்து வேக ஈனுலைகளில் குளிர்விப்பான் திரவ சோடியம். அங்கே வால்வுகளில் ஸ்பார்க் பிளக் வகைக் கண்டறிவான்களே வைத்திருக்கிறார்கள். கசிந்த சோடியம் பிளக்கின் நடு முனையையும் உடலையும் இணைத்தவுடன் மின்சுற்று மூடி, அலாரம் அடிக்கும்.

இத்தனை இருந்தும் 2016 மார்ச் 11 அன்று குஜராத்தின் காக்ராபார் முதல் உலையில் ஓர் அழுத்தக் குழாயில் விரிசல் கண்டு கனநீர் கசிந்தது. உலை தானாக நின்றது. கசிவு கண்டறியும் அமைப்பு இயங்கிக்கொண்டுதான் இருந்தது; ஆனால் விரிசல் வளர்ந்த வேகத்தில், இயக்குபவர்கள் முன்கூட்டியே நடவடிக்கை எடுக்க அவகாசம் கிடைக்கவில்லை என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்டறிந்தது. குழாயின் வெளிப்புறத்தில் அரிப்பு இருந்ததும் தெரியவந்தது. அந்த உலையின் 306 குழாய்களும் மாற்றப்பட்டு, 2019-இல்தான் அது மறுபடி இயங்கியது. சிறு கசிவு எப்போதும் நிதானமாக வளரும், பொறுத்துப் பார்க்கலாம் என்ற நம்பிக்கைக்கு இது பதில். ஹோஸின் ஊசித்துளை வாரக்கணக்கில் அப்படியே இருக்கலாம், ஒரு மலையேற்றத்தில் கிழிந்தும் போகலாம்.

கசிவை அடைக்கும் குறுக்குவழிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்ஸிகளின் காலத்தில் ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருந்தது. ஓட்டையை ஈயம் வைத்து ஊதிவிடுவார்கள். வழியில் கசிந்தால் மஞ்சள்தூளைக் கொட்டுவது ஓட்டுநர்களின் கைவைத்தியம். தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். கடைகளில் விற்கும் ஸ்டாப்-லீக் திரவங்கள் அதன் நவீன வடிவம். அந்த நாள் ரேடியேட்டரின் குழாய்கள் அகலமானவை. இன்றைய அலுமினிய ரேடியேட்டரிலும் ஹீட்டர் கோரிலும் வழிகள் மிக மெல்லியவை. ஓட்டையை அடைக்கும் தூள் வழியையும் அடைக்கும். ஆளில்லாத சாலையில் வீடு சேர்வதற்கு மட்டும் அதை மன்னிக்கலாம்.

தண்ணீர் ஊற்றியே சமாளிப்பதும் அதே வகைதான். மும்பைக்கு வரும் ஏரித்தண்ணீர் சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரைப் போல உப்புப் படியவிடாது என்பது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு முறை குழாய்நீர் சேரும்போதும் கூலன்ட்டில் உள்ள அரிப்புத் தடுப்பான் நீர்த்துப்போகிறது. சில மாதத்தில் பழுப்பு நீரும், துருவும், அலுமினிய அரிப்பும் புதுக் கசிவுகளை உண்டாக்கும். அவசரத்துக்கு ஊற்றினால் தவறில்லை. கசிவைச் சரிசெய்தபின் பழையதை முழுக்க வடித்து, கார் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு நிரப்ப வேண்டும். உள்ளே சிக்கிய காற்றைத் தங்காமல் வெளியேற்றுவதும் அந்த வேலையின் பகுதி. அதைச் செய்யாமல் விட்ட வண்டி மறுநாளே மட்டம் குறைந்து, கசிவு போகவில்லை என்ற பொய்ப் பயத்தைக் கிளப்பும்.

இந்த முறைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எந்த ஒரு சோதனையும் தனியாக எல்லாக் கசிவையும் பிடிப்பதில்லை. ஆனால் சரியான வரிசையில் செய்தால் பிடிபடாத கசிவு மிகக் குறைவு. குறைபாடு கருவியில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. கைப்பம்பும் நீலத் திரவமும் விலை உயர்ந்தவை அல்ல. இருந்தும் பல கராஜ்களில் முதலில் மூடி, பிறகு தெர்மோஸ்டாட், பிறகு ரேடியேட்டர் என்று ஊகத்தின் பேரில் ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் பணம் கொடுப்பவர் வண்டிக்காரர்.

எனவே கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரை காய்ந்திருக்கும் மே மாதத்திலேயே ஒருமுறை அட்டை விரித்துப் பாருங்கள். டேங்கில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மட்டம் குறைந்தால் அந்தக் குறிப்போடு கராஜுக்குப் போங்கள். எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன், பிரஷர் டெஸ்ட் போட்டுக் கசியும் இடத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதே டெஸ்ட்டை மறுபடி போட்டு, முள் இறங்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.